ஐம்பது பேர் வருகினம்

"தம்பி, நாளைக்கு ஐம்பது பேர் வருகினம். தங்கிறதுக்கு இடம் சரி. லைற்றுத்தான் இல்லை. ஒருக்கா வந்து போட்டுத் தருவீங்களோ?"

மாங்குளத்தில் நான் ஒரு சின்னக் கடை வைத்து வயறிங் வேலை செய்துகொண்டிருந்த காலம். தொலைபேசியில் கேட்ட குரல் எனக்குப் பழக்கமில்லாதது. ஐம்பது பேர் என்றதும் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள், வீட்டில் ஏதோ கொண்டாட்டம் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். ஒரு ஓட்டோவைப் பிடித்துக் குழல் விளக்குகள், வயர்ச்சுருள், பச்சையும் சிவப்புமாக மினுங்கும் சரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்கும் நிற்கச் சொல்வார்கள் என்ற நப்பாசை வேறு.

போய்ப் பார்த்தால் வீட்டில் ஒரு சனம் இல்லை. பந்தல் இல்லை, கதிரை இல்லை. விறாந்தையில் ஒரு பழைய அலுமாரி மல்லாக்கப் படுத்திருந்தது. அதற்குள் குனிந்து உமி பரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "வாங்கோ தம்பி, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார்.

"ஆக்கள் எங்கை அன்ரி?"

"நாளைக்குத்தான் வருகினம். வவுனியாவிலை இருந்து யாவார நானா மோட்டார்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வாறார்."

"ஐம்பது பேரையும் மோட்டார்சைக்கிளிலையோ?"

"ஓம். ஒரு பெட்டிக்கை இருபத்தைஞ்சு பேர் இருப்பினம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருகிறவர்கள் கோழிக்குஞ்சுகள். ஓட்டோக்காரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். ஆனால் அன்ரியைப் பார்த்துக் கோபிக்க முடியவில்லை. மினுங்கும் சரத்தைக் கண்டுவிட்டு, "ஐயோ, உது வேண்டாம் தம்பி, அவைக்கு நித்திரை வராது" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

இப்படித்தான் அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. உலகத்தில் உயிருள்ள எதையும் அவர் 'நீ' என்று சொன்னதை ஊரில் யாரும் கேட்டதில்லை. குப்பை எடுக்க வருகிற பொடியனுக்கும் 'நீங்கள்'தான், சொந்தத் தம்பிக்கும் 'நீங்கள்'தான். பூனை அவருக்குப் பூனையார். குஞ்சு தூக்க வந்த கீரிக்குப் பின்னால் விளக்குமாறோடு ஓடும்போதும், "கீரியார்! நில்லுங்கோ! வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்றுதான் கத்துவார். கீரி நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சில நாட்கள் வரவும் இல்லை. இவ்வளவு மரியாதையாக யாரும் அதை விரட்டியிருக்க மாட்டார்கள்.

அலுமாரி அவருடைய கல்யாணத்துக்கு வந்தது. சண்டைக்காலத்தில் செல் விழுந்து அதன் ஒரு கால் போனபிறகு நிமிர்ந்து நிற்கமாட்டாமல் கிடந்ததை மல்லாக்கப் படுக்கவைத்துக் குஞ்சு வீடாக்கியிருந்தார். இரண்டு கதவும் மூடிபோல மேல்நோக்கித் திறக்கும். அதில் துளைபோட்டு ஒரு பழைய மஞ்சள் பல்பை உள்ளே தொங்கவிட்டுக் கொடுத்தேன். சூடு கூடினால் வயரை மேலே இழுக்கலாம், குறைந்தால் கீழே இறக்கலாம். ஒரு கதவின் உட்புறத்தில் கண்ணாடி இருந்ததை நான் கழற்ற மறந்துவிட்டேன். மறுநாள் குஞ்சுகள் வந்து கதவைச் சாத்தியதும் அண்ணாந்து பார்த்திருக்கின்றன. மேலே இன்னொரு கூட்டம் தலைகீழாக நிற்கிறது. வீச்சு வீச்சென்று ஒரே கலவரம்.

அன்ரி உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, மேல்வீட்டுக்காரரோடை இவைக்குச் சரிவரேல்லை. ஒருக்கா வந்து விலக்குப் பிடிப்பீங்களோ?"

போய்க் கண்ணாடியின்மேல் காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குஞ்சுகளை அவர் பார்த்த பார்வையைப் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் அடிக்கடி போகத் தொடங்கினேன். பல்புக்குக் கீழே எல்லாரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தால், "குளிருது எண்டு சொல்லுகினம்" என்பார். மூலைக்கு மூலை ஓடி வாயைப் பிளந்தால், "வேர்க்குதாம்" என்பார். பரவலாகப் படுத்து ஒரு காலை நீட்டினால் அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் வரும். "இப்ப சரி. ஒருத்தருக்கும் ஒரு குறையுமில்லை."

அவருக்கு ஒரு குறை இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அது.

பக்கத்து வளவு அவருடைய தம்பியின் வீடு. தம்பியின் மனைவியை நாங்கள் ராணியக்கா என்போம். அன்ரிக்கு மச்சாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாளுக்குக் கீழே ஒரே பானையில் சமைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் இப்போது ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்தில் அன்னதானச் சமையலுக்கு யாரைப் போடலாம் என்ற கதை வந்தபோது, ஊர்ச்சனம் முழுக்க இருக்க, ராணியக்கா எழும்பி "அவளை விடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். மரியாதையாக 'அவா' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'அவள்'. அன்ரிக்கு அது போதும். அன்றைக்கு நிறுத்திய கதை, திருவிழா அடுத்தமுறையும் வந்துபோன பிறகும் தொடங்கவில்லை.

"என்ன தம்பி, நான் காகத்தையே காகத்தார் எண்டுதான் சொல்லுறன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "எனக்கு ஒரு 'ஆ' போட்டால் குறைஞ்சுபோவாவோ?"

ஆனால் கதைக்காமல் இருக்கவும் இரண்டு பேராலும் முடியவில்லை. அன்ரி அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு உரத்த குரலில், "பிள்ளையள், பக்கத்து வளவிலை குப்பை கொழுத்துகினம். எங்களுக்குக் கண் எரியுதெண்டு ஆரும் சொல்லுங்கோவன்" என்பார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணியக்கா தன் நாயைப் பார்த்து, "எடேய் வீரா, புகை போடாட்டில் நுளம்பு தூக்கிக்கொண்டு போயிடும் எண்டு சொல்லடா" என்பார். நாயும் குஞ்சுகளும் இப்படியே நிறைய விசயங்களைப் பேசித் தீர்த்திருக்கின்றன. கறிவேப்பிலைகூட ஒருமுறை நாயின் பேரில் வேலிக்கு மேலால் வந்தது.

இந்தக் கோபத்துக்கு ஒரு தவணையும் வந்து சேர்ந்தது. ராணியக்காவின் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு கனகராயன்குளம். பெண்ணுக்கு மாமியான அன்ரி இல்லாமல் அந்தக் கல்யாணம் நடந்துமுடிந்தால் அந்தக் கோபத்தைப் பிறகு யார் தீர்ப்பது? ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். தம்பிக்காரன் ஒருநாள் தனியாக வந்து, கதிரையின் நுனியில் இருந்து, "அக்கா, நீங்கள் முன்னுக்கு நிண்டு செய்யவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்கள் சொன்னது காணும் தம்பி. ஆனால் வீட்டுக்காரி வந்து சொல்லேல்லையே" என்றார் அன்ரி. முறையென்றால் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து சொல்லவேண்டும். மரியாதை விசயத்தில் அவர் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

தம்பி போனபிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "இந்த ஐம்பது பேரும் ஆருக்கு எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார். "எங்கடை பிள்ளைக்குத்தான். தனிக்குடித்தனம் போகேக்கை குடுத்துவிடப்போறன். புது வீட்டிலை கையிலை ஒரு தொழில் இருக்கவேணும். தாயோடைதான் எனக்குக் கதையில்லை. பிள்ளை என்ன செய்தவா?" தம்பியின் மகளுக்கும் 'செய்தவா'தான்.

இனி ஒரு செத்தவீட்டுக் கதையைச் சொல்லவேண்டும்.

குஞ்சுகள் வந்த கிழமையே இரண்டு செத்துவிட்டன. அன்ரி வாடிய முகத்தோடு சந்திக் கடைக்குப் போயிருக்கிறார், குஞ்சுகளின் தண்ணீரில் கரைக்கக் குளுக்கோஸ் வாங்க. கடைக்காரர் சும்மா சுகம் விசாரித்திருக்கிறார். "என்னத்தைச் சொல்ல? வந்த ஆக்களிலை ரெண்டு பேர் விடிய மோசம்போயிட்டினம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மோசம்போவது என்றால் எங்கள் பக்கத்தில் மனிதர் சாவதுதான். கோழிக்கு யாரும் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. கடையில் நின்றவர்கள் அரைமணித்தியாலத்துக்குள் செய்தியை ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வவுனியாவிலிருந்து வந்த விருந்தாளிகள், ஒரே வீட்டில் இரண்டு சாவு, வாகனம் பிரண்டதாம். குஞ்சு விசயம் தெரிந்த நானே அதை நம்பிக் கடையைப் பூட்டி, வெள்ளைச் சேட்டு மாற்றிக்கொண்டு போனேன். முற்றத்தில் ஏற்கெனவே பதினைந்து, இருபது பேர். ஒருவர் பந்தலுக்குத் தடி எங்கே என்று தேடிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம்தான் ராணியக்கா ஓடிவந்தார். கோபதாபம் எல்லாம் செத்தவீட்டில் செல்லாது. தலைமயிர் அவிழ, படலையைத் தள்ளிக்கொண்டு, "என்ரை ஐயோ!" என்று குழறிக்கொண்டு வந்து விறாந்தையில் ஏறினார். அங்கே அன்ரி ஒரு சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் இருந்தார். பெட்டிக்குள் இரண்டு மஞ்சள் குஞ்சுகள்.

"ஆரப்பா செத்தது?" என்று ராணியக்கா பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார்.

"குஞ்சுகள் அக்கா."

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்றார். பிறகு முற்றம் முழுக்கச் சிரிப்பு. பந்தலுக்குத் தடி தேடியவர் தடியைப் பிடித்தபடியே சிரித்தார். ராணியக்காவுக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது. அன்ரியும் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அன்ரி பெட்டியை மூடி, "போனவையைப் பார்த்துச் சிரிக்கிறது மரியாதையில்லை" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ராணியக்கா முகத்தைத் துடைத்தார். வந்த வழியே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவா உங்களுக்காகத்தானே அன்ரி அழுதுகொண்டு வந்தவா?" என்று கேட்டேன். "தெரியும் தம்பி" என்றார். அவ்வளவுதான். பெட்டியைக் கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே தாட்டார். அன்றைக்கு முழுக்க அவர் குஞ்சுகளோடுகூடப் பேசவில்லை.

மார்கழி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் வெயிலே இல்லை. பக்கத்து வளவில் கல்யாணத்துக்குப் பலகாரச்சூடு தொடங்கிய அன்றைக்குக் காலையில் அன்ரியிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, கரண்டார் போயிட்டார். எப்ப வருவார் எண்டும் சொல்லேல்லை."

போய்ப் பார்த்தேன். வீட்டு வயறிங்கில் பிழையில்லை, பெரிய லைனில் எங்கோ மரம் விழுந்திருந்தது. என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கியிருந்தாலும் அந்தக் குளிரைத் தாங்கும் வயதில்லை. குசினிக் கூரை ஒழுகி விறகு முழுக்க ஊறிப்போயிருந்தது. காஸ் தீரும்வரை சுடுதண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் ஊற்றி அலுமாரிக்குள் அடுக்கினோம். மத்தியானத்துக்குள் அதுவும் ஆறிவிட்டது. குஞ்சுகள் முதலில் கத்தின. பிறகு கத்துவதும் குறைந்தது. அதுதான் பயம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிலுக்குக் கீழே மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பயத்தம்பணியார வாசம் மழையோடு கலந்து வந்தது. இனசனப் பெண்கள் எல்லாரும் அங்கேதான், சிரிப்பும் கதையும். நியாயப்படி அந்தத் தாச்சிக்கு முன்னால் முதல் ஆளாக இருக்கவேண்டியவர் இங்கே, ஈரச்சேலையோடு, இரண்டு குஞ்சுகளைக் கைக்குள் பொத்தி ஊதிக்கொண்டிருந்தார்.

"நான் போய்த் தணல் வாங்கிக்கொண்டு வாறன் அன்ரி."

"வேண்டாம். சொல்லாத வீட்டிலை போய் ஒண்டும் கேக்கக்கூடாது."

"மரியாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பிள்ளைக்குக் குடுக்க ஒரு குஞ்சும் மிஞ்சாது" என்று கத்தியேவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்குள் இருந்த ஒரு குஞ்சின் கழுத்து சரிந்தது. அதைப் பார்த்தார். எழும்பினார். விறாந்தை விளிம்புக்குப் போய், வேலியைப் பார்த்து, அவருடைய தொண்டையில் இருக்கிறதென்றே நாங்கள் அறியாத ஒரு குரலில் கத்தினார்.

"எடியே ராணீ! தணல் கொண்டு ஓடி வாடீ!"

கொட்டிலுக்குள் கதை நின்றது. அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. நான் கையில் பிடித்திருந்த போத்தலோடு அப்படியே நின்றேன்.

ராணியக்கா வேலிப்பொட்டால் புகுந்து வந்தார். கையெல்லாம் மா. மண்சட்டி நிறையத் தணல். பின்னால் அவருடைய கணவர் ஒரு குடையோடு ஓடிவந்தார். குடையைத் தணலுக்குத்தான் பிடித்தார், மனைவி தொப்பலாக நனைந்து வந்தார். சட்டிமேல் சாம்பல் தூவி, ஓட்டைத் தகரமொன்றால் மூடி, அலுமாரியின் ஒரு பக்கத்தில் செங்கல்லுக்கு மேலே வைத்தோம். புகை போகக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தோம். இரண்டு பெண்களும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தணல் பக்கம் நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கீச்சென்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து காதைப் பிளந்தன.

அப்போதுதான் அன்ரிக்குத் தான் கத்தியது என்னவென்று உறைத்திருக்கவேண்டும். முகம் வெளிறிப்போனது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்... அந்தரத்திலை வாய் தவறி..."

"வாயைப் பொத்து!" என்றார் ராணியக்கா. "இன்னொருக்காக் 'கொள்ளுங்கோ' எண்டு சொன்னியோ, சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவன். பள்ளிக்கூடத்திலை என்னை 'டி' போட்டுத்தானே கூப்பிட்டனி? உன்ரை தம்பியைக் கட்டின நாளிலை இருந்து வாங்கோ, இருங்கோ. கோயில் ஐயரோடை கதைக்கிறமாதிரிக் கதைக்கிறாய். பூனையும் நானும் உனக்கு ஒண்டு!"

"அப்ப நீங்கள்... நீ, அண்டைக்குக் கோயிலிலை..."

"கோயிலிலை என்ன சொன்னனான்? 'நாரி நோவோடை இடுப்பு நிமிர்த்த ஏலாமல் நிக்கிறாள், அவளை விடுங்கோ, நான் சமைக்கிறன்' எண்டு சொன்னனான். முழுக்கக் கேட்டனியோ? என்ரை ஆளை நான் அவள் எண்டு சொல்லாமல் வேறை ஆரைச் சொல்லுறது?"

அன்ரி அலுமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அதை அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீ கதைச்சால்தானே சொல்ல."

"கதைச்சனான்தானே. குஞ்சுகளோடை."

ராணியக்கா சிரிக்கத் தொடங்கினார். அன்ரியும் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானதென்று எனக்குத் தெரியாது, நான் மரியாதையாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பிக்காரன் இன்னும் விரித்த குடையோடு விறாந்தைக்குள்ளே நின்றார். எனக்கும் கண் கலங்கியதை மறைக்கவேண்டிய தேவை இப்போது இல்லை.

பிறகு ராணியக்கா, "என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்? எண்ணெய் கருகுது, வா" என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சொல்லி அழைக்கிற முறை அதோடு முடிந்தது. புருசனும் பக்கத்தில் நின்றபடியால் குறை சொல்லவும் வழியில்லை. என்னைக் குஞ்சுகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். பின்னேரம் ஒரு தட்டு நிறையப் பணியாரம் வேலிக்கு மேலால் வந்தது. கொட்டிலுக்குள் ராணியக்கா புதிதாக வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், "என்னை 'வாடி' எண்டு கூப்பிட்டவள், கேட்டனீங்களோ?" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தது எனக்கு இங்கே கேட்டது.

கல்யாணத்துக்கு முதல்கிழமை அன்ரி என் கடைக்கு வந்தார், பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு, ராணியக்காவையும் கூட்டிக்கொண்டு. "தம்பி, எங்கடை பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார். அந்த மினுங்கும் சரத்தையும் இந்தமுறை கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு ஏனோ மனம் குறுகுறுத்தது. அந்த மழையில் நானும்தான் கூட நின்றேன். "அன்ரி, என்னையும் ஒருக்கா 'வாடா' எண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினார். ராணியக்கா, "சொல்லன்டி, பாவம் பொடியன்" என்று இடித்தார். அன்ரி கொஞ்சம் யோசித்தார். சொல்லிப் பார்க்க வாயைத் திறந்ததாகவும் எனக்குப் பட்டது.

"அதுக்கு முதல் நீங்களும் நானும் ஒருக்கா வடிவாச் சண்டை பிடிக்கவேணும் தம்பி" என்றார்.

நான் வவுனியாவுக்குக் கடை மாற்றிக்கொண்டு வரும்வரைக்கும் அதற்கு எவ்வளவோ முயன்று பார்த்தேன். அவரோடு சண்டை பிடிக்க என்னால் முடியவே இல்லை.